ஓவிய அறையில் சேர்ந்த தூக்கம்

வெம்பக்குளம் ஊர்ப் பொதுப்பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் தூக்கம் அவர்களை விட்டுக் கிளம்பிப்போய்ப் பழைய ஓவிய அறையில் குடியேறிய சங்கதி, விளையாட்டு வாத்தியார் மாரிக்கனி வாலிபால் வலையைத் தேடி அந்த அறைக்குள் போனவர் மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் வெளியே வராத அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. தேடிப் போன பியூன் வாசலைத் தாண்டியதும் கொட்டாவி விட்டு, சுவரோரம் சாய்ந்து, அப்படியே சரிந்து படுத்தார். அவரை எழுப்பப் போன தமிழய்யா அவர்மேலேயே தலை வைத்துப் படுத்தார். கடைசியாக வந்த கணக்கு டீச்சர் எஸ்தர் வசந்தமணி மட்டும் கதவு நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள். உள்ளேயிருந்து தேங்காயெண்ணெய் வாசமும், துவைத்துக் காயாத சீருடையின் வாசமும், மூடியே கிடந்த டிபன் டப்பாவின் வாசமும் கலந்து வந்தன. முழங்கால் இரண்டும் வெண்ணெயாக உருகுகிற மாதிரி இருந்தது. ஒட்டடைக் கம்பை எடுத்து வரச் சொல்லி, எட்ட நின்றபடியே மாரிக்கனியின் விலாவில் குத்தினாள்.

மாரிக்கனி எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னார்: "டீச்சர், ஒரு கனாக் கண்டேன். என் கனா இல்ல. பத்து பி-யில சுடலைராஜ்னு ஒரு பய இருக்கான்ல, அவனுது. அவங்க வீட்டு வெள்ளாடு எங்கிட்ட வந்து, எப்பப்பா பரீட்சை முடியும், எப்ப என்னை மேய்க்க வருவேன்னு கேட்டுச்சு."

சுடலைராஜைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "ஆமா சார், அது என் கனாதான், ரொம்ப நாளா காணோம்" என்று சொல்லிவிட்டு அவன் அறிவியல் புத்தகத்தைத் திறந்துகொண்டான். அவனுக்கு வேறு எதுவும் சொல்ல நேரமில்லை.

தூக்கம் ஏன் அந்த அறைக்குப் போனது என்று யாரும் பெரிதாக மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பத்தாம் வகுப்புக்குச் சூரியன் எழுவதற்கு முன்பே ஒரு சிறப்பு வகுப்பு, சூரியன் விழுந்த பிறகு ஒரு சிறப்பு வகுப்பு, நடுவில் தேர்வு, தேர்வுக்குத் திருப்புதல், திருப்புதலுக்கு ஒரு தேர்வு. விளையாட்டுப் பீரியடை அறிவியல் எடுத்துக்கொண்டது, நூலகப் பீரியடை ஆங்கிலம் எடுத்துக்கொண்டது, ஓவியப் பீரியடைக் கணக்கு எடுத்துக்கொண்டது. ஓவிய வாத்தியார் ஓய்வு பெற்றுப் போன இடத்துக்கு ஆள் வரவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் யாரையும் கேள்வி கேட்காத ஒரே அறை அதுதான். வீட்டுப் பாயிலும் இடமில்லை, பேருந்து ஜன்னலோரத்திலும் இடமில்லை என்று துரத்தப்பட்ட தூக்கம் பாவம் எங்கேதான் போகும் என்று பியூன் சொன்னார். எல்லோருக்கும் அது சரியென்றே பட்டது.

இத்தனைக்கும் காரணம் நூறு. வெம்பக்குளம் பள்ளி பல வருஷமாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி. பேருந்து நிறுத்தத்தில் அதற்கென்றே ஒரு பெரிய ஃபிளெக்ஸ் உண்டு. பழைய ஃபிளெக்ஸ் வெளுப்பதற்குள் புதியது வந்துவிடும். நூறு வராத பள்ளியின் ஆசிரியர்களை மாவட்டத் தலைநகரில் கூட்டம் போட்டு, எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லி எழுப்பி நிற்க வைப்பார்கள். தலைமையாசிரியர் தவசிலிங்கம் இளம் வயதில் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு பையனுக்காக அப்படி நின்றிருக்கிறார். அன்றிலிருந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தாலும் நிற்கிறவர் மாதிரியேதான் உட்காருவார், முதுகு எதிலும் சாயாது.

எஸ்தர் டீச்சர் நின்றதே இல்லை. நின்றுவிடுவோமோ என்ற பயத்திலேயே அவளுக்கு வருஷங்கள் ஓடின. வேலைக்கு வந்த புதிதில் கோணம் என்றால் என்னவென்று காட்ட வகுப்புக் கதவைத் திறந்து திறந்து மூடி, கீல் கழன்று விழ, அதற்கும் பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்தவள் அவள். இப்போது அவள் வாயில் இரண்டே வார்த்தைகள்தான், இது வரும், இது வராது. பிள்ளைகளும் அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள், "டீச்சர், இது வருமா?" அவள் புருஷன் ஜெயக்கொடி ஒருநாள் காலையில் காபியைக் கொடுத்துக்கொண்டே, "எஸ்தர், உன் கண்ணு மூடியிருக்கும்போதும் வாய் ரெண்டு மார்க், அஞ்சு மார்க்குன்னு சொல்லிக்கிட்டே இருக்கு" என்றான். அவள் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடம் போகும் வழியில் எதற்காக இந்த வேலைக்கு வந்தோம் என்று நினைத்துப் பார்த்தாள், ஞாபகத்துக்கு வரவில்லை.

ஓவிய அறையின் விஷயம் வெளியே தெரிந்ததும் முதலில் வந்தவர் காராச்சேவுக் கடை கருக்குவேல். மனைவி செத்ததிலிருந்து அவருக்குச் சரியான தூக்கம் கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர் அவர், மாட்டேனென்று சொல்ல முடியாது. கையில் ஒரு தலையணையோடு உள்ளே போனார். வெளியே வந்தபோது பத்து வயது குறைந்திருந்தது. "சங்கிலி இல்லாத சைக்கிள்ல ஆகாசத்துல போனேன்யா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். அன்றைக்கு அவர் கடைச் சேவில் உப்பும் காரமும் அப்படிப் பொருந்தியிருந்ததாகச் சாப்பிட்டவர்கள் சொன்னார்கள்.

அப்புறம் கேட்கவா வேண்டும். தொலைதூரப் பேருந்தின் கண்டக்டர் வந்தார், ஆஸ்பத்திரி நர்சம்மா வந்தாள், பல்வலிக்காரர் வந்தார், மகளுக்கு மாப்பிள்ளை அமையாத கவலைக்காரர் வந்தார், கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தாள், சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சாதாரண ஆள் மாதிரி வந்தார். காத்திருப்பவர்கள் உட்காரப் பள்ளிக் கமிட்டி வராந்தாவில் பெஞ்சு போட்டது, பெஞ்சுக்காரர்களை நம்பிக் கேட்டுக்கு வெளியே ஒரு டீக்கடை வந்தது. கரும்பலகைப் பக்கம் படுத்தால் பொம்பளைப் பிள்ளைகளின் தூக்கம், மெத்தென்று இருக்கும், நடுவில் ஒரு பாட்டு வரும், ஜன்னல் பக்கம் படுத்தால் பையன்களின் தூக்கம், கொஞ்சம் உதைக்கும், ஆனால் எழுந்தால் உடம்பு லேசாகிவிடும் என்று ஊருக்குள் ஒரு சாஸ்திரமே உண்டானது. குழாயடியில் சண்டை குறைந்தது. மாமியார்கள் மருமகள்களிடம் தன்மையாகப் பேசினார்கள். "இன்னிக்கு எந்தப் பிள்ளை தூக்கம்?" என்று கடைத்தெருவில் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். பெரியவர்கள் முகத்திலெல்லாம் ஒரு களை வந்து உட்கார்ந்தது.

பிள்ளைகள் முகத்தில் இருந்த களைதான் அது என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

பிள்ளைகளுக்குத் தூக்கம் வரவே இல்லை. படுத்தால் கண் திறந்தபடியே கிடந்தார்கள். முதலில் பெற்றவர்களுக்குச் சந்தோஷம்தான். "போதும்டா கண்ணு, லைட்டை அணைன்னு நானே கெஞ்ச வேண்டியிருக்கு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். திருப்புதல் தேர்வுத் தாள்கள் எஸ்தரின் கைக்கு வந்தபோதுதான் விவரம் தெரிந்தது. எப்போதும் முதல் மதிப்பெண் எடுக்கும் தர்ஷினிபிரபா முத்து முத்தான கையெழுத்தில் எல்லாக் கேள்விக்கும் முதல் கேள்வியின் பதிலையே எழுதியிருந்தாள். சுடலைராஜ் பெயர் எழுதும் இடத்தில் பள்ளிக்கூடத்தின் பெயரையும் பள்ளிக்கூடத்தின் இடத்தில் தன் பெயரையும் எழுதியிருந்தான். ஒரு பெண் பெரிய கணக்கு ஒன்றை வரிக்கு வரி பிசகாமல் போட்டுக்கொண்டே வந்து, விடை எழுத வேண்டிய கடைசி வரியில் 'எனக்குத் தெரியாது' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள். அந்தப் பெண் முத்துப்பேச்சி. எஸ்தர் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாள்களைத் தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். தவசிலிங்கம் ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவருக்கும் புரிந்தது, ஆனால் புரிந்ததை வைத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று. "இன்னொரு சிறப்பு வகுப்பு வச்சிருவோம் டீச்சர்" என்றார்.

வைத்தார்கள். மிச்சம் மீதியிருந்த தூக்கமும் கிளம்பி ஓவிய அறைக்குப் போனது. அறை கொள்ளவில்லை. கதவின் அடியில் கசிந்து வராந்தாவில் கணுக்கால் உயரத்துக்கு நின்றது. தண்ணீர் குடிக்கப் போன ஆறாம் வகுப்புக் குழந்தைகள் வழியிலேயே உட்கார்ந்து டம்ளரைக் கட்டிக்கொண்டு தூங்கின. பியூன் கோணிச்சாக்கைச் சுருட்டிக் கதவடியில் வைத்து அடைத்தார்.

பரீட்சைக்குப் பெயர்கள் அனுப்ப வேண்டிய காலம் வந்தது. தவசிலிங்கம் எஸ்தரைக் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"பத்து பி-யில முத்துப்பேச்சி. உங்க கணிப்பு என்ன டீச்சர்?"

"கஷ்டம் சார். கணக்குல ரொம்பக் கஷ்டம்."

"வீட்டுல போய்ப் பேசுங்க. டி.சி. வாங்கிக்கட்டும். தனியா அடுத்த வருஷம் எழுதிக்கிடலாம்னு சொல்லுங்க."

"சார், போன வருஷம் அப்படி வாங்கிட்டுப் போன பையன் அப்புறம் எழுதவே இல்ல."

"எனக்குத் தெரியாதா?" என்றார் தவசிலிங்கம். குரல் உடைந்திருந்தது. "தெரிஞ்சுதான் சொல்றேன். நீங்க அங்க நின்னது கிடையாது. நான் நின்னிருக்கேன். உங்களை நிக்க விடக்கூடாதுன்னு நினைக்கிறேன்."

சாயங்காலம் எஸ்தர் டி.சி. கேட்கும் படிவத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு முத்துப்பேச்சியின் வீட்டுக்குப் போனாள். அவள் அம்மா வேலம்மா கருக்குவேல் கடையில் மாவு பிசைகிறவள். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள், முழங்கை வரை ஓமம் மணக்கும் கடலை மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. டீச்சரைப் பார்த்ததும் பதறிப்போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். எஸ்தர் சொல்ல வந்ததைச் சுற்றி வளைத்துச் சொன்னாள், நல்லதுக்குத்தான் என்று இரண்டு தடவை சொன்னாள். வேலம்மா முழுதும் கேட்டுவிட்டு, "பாஸாகலைன்னா பாஸாகலை டீச்சர். அதுக்காகப் பள்ளிக்கூடத்துக்கே வரக்கூடாதா?" என்று கேட்டாள். அதில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

உள்ளே தண்ணீர் மோந்துகொண்டிருந்த முத்துப்பேச்சி செம்போடு வந்தாள். கண் இரண்டும் காய்ந்து சிவந்திருந்தன. செம்பை டீச்சரிடம் நீட்டினாள்.

"யம்மா, நான் நின்னுக்கிறேன்" என்றாள்.

"என்ன பிள்ளே சொல்ற?"

"நான் நின்னுக்கிட்டா டீச்சர் மீட்டிங்ல நிக்க வேண்டாம்ல."

எஸ்தர் செம்பைக் கீழே வைத்தாள். "இதெல்லாம் யாரு உனக்குச் சொன்னது பேச்சி?"

"எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும் டீச்சர். நீங்க ஃபெயில் தாளைத் திருத்தும்போது உங்க கை நடுங்கும்ல. அதான் நாங்க பேசிக்குவோம், டீச்சரை நிக்க விடக்கூடாதுன்னு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "என்னால முடியலை டீச்சர். தாளைப் பார்த்தா உங்க கைதான் ஞாபகம் வருது, அப்புறம் கணக்கு ஓடிப்போயிருது."

எஸ்தர் படிவத்தை வெளியே எடுக்கவே இல்லை. அப்புறம் வருகிறேன் என்று ஏதோ சொல்லிவிட்டு எழுந்து நடந்தாள். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் வணக்கம் சொன்னதெல்லாம் அவள் காதில் விழவில்லை.

மறுநாள் காலையில், அதுவரை ஒருதடவைகூடக் காலை வைக்காத ஓவிய அறைக்குள் அவள் போனாள். தரையெல்லாம் பெரியவர்கள். பாய்மேல் பாய், கால்மேல் கால். கருக்குவேல் வாயில் புன்னகையோடு மல்லாந்து கிடந்தார். நர்சம்மா வெள்ளைச் சீருடையோடு சுருண்டிருந்தாள். மூலையில் செருப்பைக் கழற்றி ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு, முதல்தடவையாக முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு தவசிலிங்கம் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் எஸ்தருக்குக் கோபம் வரவில்லை, ஐயோ என்றிருந்தது. கரும்பலகைக்குக் கீழே ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் இருந்தது. அந்த இடத்தில் ஓமம் மணத்தது. அவள் படுத்தாள்.

கனவில் அவள் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் கால் தரையை எட்டவில்லை. எதிரே கரும்பலகைக்குப் பக்கத்தில் எஸ்தர் டீச்சர் ஒரு கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள், திறந்து மூடி, திறந்து மூடி, நிறுத்தத் தெரியாமல், கண்ணில் நீர் வழிய வழிய. பெஞ்சில் இருந்தவள் கையைத் தூக்கினாள். சந்தேகம் கேட்பதற்காக இல்லை. போதும் டீச்சர், கொஞ்சம் உட்காருங்க என்று சொல்வதற்காக. தூக்கிய கையை யாரும் பார்க்கவில்லை. கை வலித்தது. இருந்தாலும் அவள் கையைக் கீழே இறக்கவே இல்லை.

எஸ்தர் விழித்தபோது அவள் உடம்பில் வருஷக்கணக்காக இல்லாத திடம் இருந்தது. அத்தனையும் முத்துப்பேச்சியின் திடம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு பிள்ளையின் சோற்றை அறியாமல் தின்றுவிட்டவள் மாதிரி அவள் எழுந்து நின்றாள். பிறகு கையைத் தட்டினாள், வகுப்பில் தட்டுகிற மாதிரி.

"எல்லாரும் எந்திரிங்க. இது பிள்ளைக தூக்கம். போதும், எந்திரிங்க."

ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு முதலில் போனார். கருக்குவேல் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றார்.

"எனக்குத் தெரியும் டீச்சர்" என்றார் தரையைப் பார்த்தபடி. "ஒரு கனாவுல ஒரு பிள்ளை என்னையே பார்த்து, தாத்தா, கொஞ்சம் தள்ளிப் படுங்க, எனக்கு இடமில்லைன்னு சொல்லுச்சு. அன்னைக்கே தெரியும். ஆனா மறுநாளும் வந்தேன். தூங்கி அத்தனை நாளாச்சு, என்ன செய்ய."

"போய்ட்டு வாங்கண்ணே" என்றாள் எஸ்தர்.

தவசிலிங்கம் மட்டும் எழுந்திருக்கவில்லை. மூலையில் உட்கார்ந்தபடியே செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளைகளை இங்க கூட்டிட்டு வந்து தூங்க வைக்கப் போறேன் சார். சிறப்பு வகுப்பு நேரத்துல."

"நூறு போயிரும் டீச்சர்."

"போகட்டும் சார்."

"பேச்சி?"

"அவ பேரும் பரீட்சைக்குப் போகும். எழுதட்டும்."

"நீங்கதான் நிக்கணும்."

"நிக்கிறேன் சார்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். "இந்தப் பாய் அத்தனை பிள்ளைகளுக்குக் காணாது. கல்யாண மண்டபத்துல ஜமுக்காளம் இருக்கும், கேட்டு வாங்கிட்டு வரச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அடுத்த நாள் சிறப்பு வகுப்புக்கு வந்த பிள்ளைகளை எஸ்தர் வரிசையாக ஓவிய அறைக்கு நடத்திக்கொண்டு போனாள். கையில் புத்தகத்தோடு வாசலிலேயே நின்றார்கள், உள்ளே போகப் பயம். தர்ஷினிபிரபாதான் கேட்டாள், "டீச்சர், இது வருமா?"

"வராது" என்றாள் எஸ்தர். "படுத்துத் தூங்கு."

அவர்கள் உள்ளே போய், திருவிழாக் கூட்டத்தில் விட்ட செருப்பைத் தேடுகிற மாதிரி அவரவர் தூக்கத்தைத் தேடினார்கள். ஒருவன் இன்னொருவனுடையதில் தெரியாமல் படுத்துவிட்டு, "டேய், இது உன்னுதுடா, ஆடெல்லாம் வருது" என்று எழுந்து மாறிப் படுத்தான். முத்துப்பேச்சி கரும்பலகையின் கீழே போய், முகர்ந்து பார்த்து, படுத்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த அறையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது, கண்மாயில் அலை ஒதுங்குகிற மாதிரி ஒரே சீராக.

செய்தி கேட்டுப் பெற்றவர்கள் வந்தார்கள். சத்தம் போடத்தான் வந்தார்கள். பரீட்சையை வைத்துக்கொண்டு பிள்ளைகளைத் தூங்க வைக்கிறார்களாமே என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்கள் பேசாமல் கீழே உட்கார்ந்தார்கள். சுடலைராஜின் அப்பா மட்டும் கேட்கவில்லை, மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு உள்ளே போய் மகனைத் தோளில் தூக்கிப்போட்டு லோடு ஆட்டோவில் கொண்டுபோனார். மகன் ஆட்டோவிலும் தூங்கினான், வீட்டில் மேஜைமுன் உட்கார வைத்தபோதும் தூங்கினான், தூக்கம் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே போயிருந்தது. பொழுது சாயுமுன் அவர் அவனைத் திரும்பக் கொண்டுவந்து, வாசலில் நின்று, "எங்க படுத்திருந்தான் டீச்சர்?" என்று கேட்டு, அதே இடத்தில் படுக்க வைத்துவிட்டுப் போனார்.

வேலம்மா வாசற்படியில் காவல் உட்கார்ந்தாள். பேருந்துகள் பள்ளிக்கூட வளைவில் ஹாரன் அடிக்காமல் போயின. கோயில்காரர்கள் ஒலிபெருக்கியை அணைத்தார்கள். பியூன் மணியின் நாக்கில் துணியைச் சுற்றினார், கடிகாரத்தின் பேட்டரியையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதனால் அந்தப் பிள்ளைகள் எவ்வளவு நேரம் தூங்கினார்கள் என்று வெம்பக்குளத்தில் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. விழித்த ஒவ்வொரு பிள்ளையும் தன் தூக்கத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போனது. கடைசிப் பிள்ளை எழுந்து போனபோது அறையில் தூசியும் மாரிக்கனியின் வாலிபால் வலையும் மட்டுமே இருந்தன.

கருக்குவேலின் கண்கள் மறுபடி சிவந்தன. அவர் யாரிடமும் குறைபட்டுக்கொள்ளவில்லை.

விடியற்காலைச் சிறப்பு வகுப்பைத் தவசிலிங்கம் நிறுத்திவிட்டார். சாயங்கால வகுப்பு இருந்தது, அதையும் நிறுத்தும் அளவுக்கு அவருக்குத் தைரியம் வரவில்லை. ஒருநாள் அந்தச் சாயங்கால வகுப்பில் முத்துப்பேச்சி கையைத் தூக்கினாள். எஸ்தர் பார்த்தாள். பார்த்ததும் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"டீச்சர், மைனஸையும் மைனஸையும் பெருக்கினா ஏன் பிளஸ் வருது? ரெண்டு கடன் சேர்ந்தா எப்படி டீச்சர் வரவாகும்?"

அது அப்படித்தான், விதி என்று எஸ்தர் இத்தனை வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறாள். "இரு" என்றாள். சுடலைராஜை எழுப்பி வகுப்புக்குக் குறுக்கே பின்பக்கமாக நடக்கவிட்டாள், அதைச் செல்போனில் படம் பிடித்து, அந்தப் படத்தையும் பின்பக்கமாக ஓட்டினாள். படத்தில் சுடலைராஜ் நேராக முன்னால் நடந்து வந்தான். வகுப்பே ஓவென்று கத்தியது. "அப்ப திரும்பிப் போறதைத் திருப்பிப் போட்டா நேராயிரும்!" என்றாள் முத்துப்பேச்சி. அன்றைக்கு ஒரு கணக்குகூடப் போடவில்லை, வருவது வராதது எதைப் பற்றியும் பேசவில்லை. வீட்டுக்குப் போய் எஸ்தர் இதை ஜெயக்கொடியிடம் முழுக்க நடித்துக் காட்டினாள், அடுப்பில் பால் பொங்கி வழிந்தது இருவருக்கும் தெரியவில்லை.

பரீட்சை வந்தது, எல்லோரும் எழுதினார்கள். முடிவும் வந்தது. அந்த வருஷம் நூற்றுக்கு நூறு மதிப்பெண் எடுத்தவர்கள் யாரும் இல்லை, ஆனால் எல்லோரும் தேறியிருந்தார்கள், முத்துப்பேச்சியைத் தவிர. அவளுக்குக் கணக்கு மட்டும் போய்விட்டது. பேருந்து நிறுத்தத்தில் பழைய ஃபிளெக்ஸைக் கழற்றிவிட்டார்கள், புதியது வரவில்லை. சட்டம் மட்டும் வெறுமையாக நின்றது, அதன் வழியாக அந்தப் பக்கத்துக் கருவேலங்காடு தெரிந்தது.

எஸ்தர் அவளைத் தேடிப் போக வேண்டும் என்று கிளம்பிக்கொண்டிருக்கையில் முத்துப்பேச்சியே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள். அழுதிருந்தாள். ஆனால் கண் காய்ந்திருக்கவில்லை.

"கடைசிக் கணக்கைச் சரியாத்தான் ஆரம்பிச்சேன் டீச்சர். நேரம் பத்தலை."

"விடை என்னன்னு எழுதுன?"

"விடை வரலை. ஆனா தெரியாதுன்னு எழுதலை. வந்துக்கிட்டு இருக்குன்னு விட்டுட்டேன்."

எஸ்தர் அவள் தலையில் கையை வைத்தாள். மறுதேர்வு வரைக்கும் தினம் மத்தியானம் வீட்டுக்கு வரச் சொன்னாள். அவள் வந்தாள். கணக்குப் போட்டார்கள், வெயிலில் களைத்தால் இருவரும் கூடத்துத் தரையில் படுத்துத் தூங்கினார்கள், எழுந்து மறுபடி போட்டார்கள்.

முத்துப்பேச்சி மறுதேர்வு எழுதிய அதே காலையில்தான் மாவட்டக் கூட்டமும். பெரிய மண்டபம், மேடையில் அதிகாரிகள், கீழே நாற்காலி நாற்காலியாக ஆசிரியர்கள். வெம்பக்குளம் என்று பெயர் படித்ததும் எஸ்தர் எழுந்து நின்றாள். பக்கத்தில் தவசிலிங்கமும் எழுந்தார்.

"நீங்க உட்காருங்க சார், கணக்குக்கு நான்தானே" என்றாள் மெதுவாக.

"எனக்குப் பழக்கம்மா" என்றார் அவர்.

மேடையில் இருந்த அதிகாரி தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். கெட்ட மனுஷர் இல்லை, அவரும் தூங்கி நாளாகியிருந்தது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "ஒரே ஒரு பிள்ளைதானேம்மா. முன்னாடியே பார்த்திருக்கக் கூடாதா?" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"பார்த்தோம் சார்" என்றாள் எஸ்தர். "அதனாலதான் அது எழுதுச்சு. இப்பவும் எழுதிக்கிட்டு இருக்கு."

அவர் தாளைத் திருப்பினார். அடுத்த பள்ளியின் பெயரைப் படித்தார். எஸ்தர் நின்றுகொண்டே இருந்தாள். இத்தனை வருஷம் பயந்த அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. கால் கொஞ்சம் வலித்தது, அவ்வளவுதான்.

பின்வரிசையில் புதிதாக எழுப்பப்பட்டு நின்ற ஒரு இளம் வாத்தியார், கண்ணுக்குக் கீழே கருவளையம் போட்டவர், முன்னால் குனிந்து அவள் காதுக்கருகே கேட்டார்:

"டீச்சர், உங்க பள்ளிக்கூடத்துல அந்த அறை இன்னும் இருக்கா?"

"அறை இருக்கு சார். தூக்கத்தைப் பிள்ளைக எடுத்துட்டுப் போயிட்டாங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "எங்க பள்ளிக்கூடத்துல லைப்ரரில சேர ஆரம்பிச்சிருக்கு டீச்சர். போன வாரம் நானே போய்ப் படுத்துட்டேன். என்ன செய்றதுன்னு தெரியலை."

எஸ்தர் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"முதல்ல நீங்க எந்திரிங்க சார்" என்றாள். "அப்புறம் மத்தவங்களை எழுப்புங்க."